28 நாள் வங்கியில் நிற்கும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனை இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்க அனுப்பும் ஏற்பாட்டில் இருக்கிறார். உங்கள் நாளிதழில் வந்த வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி விளம்பரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம். "அம்மிணி, பேங்க்ல பன்னெண்டு லட்சம் காட்டோணுமாம். ஏஜென்சிக்காரங்களே ஆள் புடிச்சு ஒரு மாசத்துக்குப் போட்டு எடுத்துக்குவாங்களாம், வட்டி மட்டும் குடுத்தாப் போதுமாம். நீ போறப்ப எப்படிப் பண்ணுனீங்க?"

நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதனால் நடந்ததை அவரிடம் சொன்னேன். நாமக்கல்லில் மட்டும் இப்படி எத்தனை வீடுகளில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது உங்களுக்கும் எழுதத் தோன்றியது.

என் அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான் பி.காம். முடித்து ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குச் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் படிக்கப் போனேன். கல்லூரிக் கட்டணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கல்விக்கடன் வாங்கினோம். கடன் தொகை முழுவதும் அதற்கே சரியாகப் போய்விட்டது. விசாவுக்கு இன்னொரு தொகை வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். லண்டனுக்கு வெளியே படிக்கிறவர்களுக்கு அப்போது மாதம் 1,023 பவுண்டு கணக்கு. ஒன்பது மாதத்துக்கு 9,207 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய். அது மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட குறையக் கூடாது.

"அது சும்மா காட்டறதுக்கு சார்" என்றார் ஏஜென்ட். "பொண்ணு போய் எறங்குன ரெண்டாவது வாரமே பார்ட் டைம் கெடச்சுரும்." ஒரு பைனான்ஸ்காரர் அப்பாவின் கணக்கில் பணம் போட்டார். போடும் முன்பே அப்பாவிடம் கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை வாங்கிக்கொண்டார். விசா வந்த அன்றே பணம் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு 30,000 ரூபாய் வட்டி. அப்பாவுக்கு அது பட்டறையில் ஒன்றரை மாத உழைப்பு.

செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்த விதத்தில் தவறு என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. அந்த 1,023 பவுண்டு யாரோ வாய்க்கு வந்தபடி வைத்த எண் இல்லை. வாடகை, சாப்பாடு, பஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு மாணவருக்கு மாதம் இவ்வளவாவது வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் போட்ட கணக்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் அதை ஒரு ஃபார்மாலிட்டி என்று நினைத்தோம். ஏஜென்ட் எங்களை அப்படி நினைக்க வைத்தார்.

நான் இறங்கும்போது கையில் 1,200 பவுண்டு இருந்தது. ஐந்து பேர் தங்கிய ஒரு வீட்டில் ஓர் அறை. மாத வாடகை 390, அட்வான்ஸ் 450. இதற்கு முன் பார்த்த வீட்டில் பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் எனக்கு ஜாமீன் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அதனால்தான் அந்த அறை. முதல் வாரமே கையில் 360 பவுண்டு மட்டும் மிச்சம்.

ஜனவரியில் அங்கே சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எங்கள் வீட்டில் கரண்ட், கேஸ் இரண்டுமே முன்பணம் கட்டிப் பயன்படுத்துகிற மீட்டர். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி, அதற்குள் மீட்டர், அதில் செருகிய ஒரு பிளாஸ்டிக் சாவி. அந்தச் சாவியை உருவிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், நாம் போனுக்கு ரீசார்ஜ் செய்வது போல் 5 பவுண்டோ 10 பவுண்டோ ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி செருக வேண்டும். நாம் ஸ்விட்சே போடாவிட்டாலும் தினமும் ஒரு தொகை அதிலிருந்து தானாகக் கழியும். முதல் அசைன்மென்ட் கொடுக்க வேண்டியதற்கு முந்தின இரவு பதினொன்றரை மணிக்கு எல்லாம் அணைந்துவிட்டது. அவசரத்துக்கு என்று மீட்டர் கொடுக்கிற கொஞ்சம் கடனையும் ஏற்கெனவே பயன்படுத்தித் தீர்த்திருந்தோம். கடை மூடியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தோம். செல்போன் வெளிச்சத்தில் மீட்டரின் சின்னத் திரையைப் பார்த்தேன். கணக்கில் 'மைனஸ்' என்று காட்டியது. அன்று இரவு பையை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்து பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். இரவு முழுக்கத் திறந்திருக்கும், கதகதப்பாக இருக்கும். அதற்கப்புறம் மார்ச் கடைசி வரை பெரும்பாலான இரவுகள் அங்கேதான்.

ஏஜென்ட் சொன்ன பார்ட் டைம் இரண்டாவது வாரத்தில் கிடைக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் கிடைத்தது, ஒரு குடோனில் பெட்டி எடுத்து அடுக்கும் வேலை. 2023 ஏப்ரலில் 23 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.42 பவுண்டு. படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முழு 20 மணியும் கிடைத்தால் வாரம் 208 பவுண்டு. ஆனால் பல வாரம் 12 மணி நேரம்தான் கொடுத்தார்கள். அதில் வாடகை கட்டி, சாப்பிட்டு, போய் வரலாம். கட்டணத்தைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது. உணவு டெலிவரி செய்து சமாளிக்கலாம் என்று இங்கே பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். அது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் அனுமதி இல்லை. கோடையில் முழு நேரம் உழைத்துச் சேர்த்துவிடலாம் என்பதும் பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களுக்குத்தான் பொருந்தும். மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கோடை மாதங்கள் டிசர்ட்டேஷன் (ஆய்வறிக்கை) எழுதும் காலம், படிப்புக் காலமாகவே எண்ணப்படும், அப்போதும் அதே 20 மணிதான்.

என் அறைத்தோழி ஆந்திரப் பெண். அவளும் என்னைப் போலக் காட்டிய பணத்தில் வந்தவள்தான். ஓர் உணவகச் சமையலறையில் மணிக்கு 5 பவுண்டு, கையில் ரொக்கமாக, வாரத்துக்கு 40 மணி நேரம். இரண்டு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வாள்? 20 மணியைத் தாண்டியது தெரிந்தால் விசாவே போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். பணக் கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை ஒன்று இருந்தது, வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எதிரில் இருந்த அம்மா ரொம்பத் தன்மையாகப் பேசினார். டீ வேண்டுமா என்றார். படிவத்தை எனக்காக அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்தி, "விசாவுக்கு ஒன்பது மாதச் செலவுப் பணம் காட்டியிருப்பீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. படிவத்திலேயே இருக்கிற கேள்வி. வந்த பிறகு எதிர்பாராமல் வந்த நெருக்கடிக்குத்தான் அந்த உதவி, அதனால் கேட்டே ஆக வேண்டும். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பவும் போகவில்லை.

அந்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து 80,000 ரூபாய் அனுப்பினார். சீட்டு எடுத்தேன் என்றார். அவர் வளையல் அடகுக் கடைக்குப் போனது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

மாமாவின் மகனுக்கு இப்போது தொகை இன்னும் கூடிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,539. லண்டனுக்குள் மாதம் 1,529, ஒன்பது மாதத்துக்கு 13,761. அது போக, மருத்துவத்துக்கென்று விசாவோடு கட்டுகிற கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு; ஓராண்டு மாஸ்டர்ஸ் படிப்புக்குப் பொதுவாக ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 வரும். விசா கிடைத்துவிட்டால் இதைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்தப் பணத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: அங்கே டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொண்டால் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். போன முதல் வாரமே பதிய வேண்டும். நம் பிள்ளைகள் காய்ச்சல் வந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

கடன் வாங்கிப் பணம் காட்டுவது மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் மாமாவிடம் சொன்னேன். கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள், நேர்காணலிலும் கேட்கிறார்கள். ஏமாற்றியதாக முடிவு செய்தால் விசா மறுப்போடு நிற்காது, பத்து ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். நேர்வழி இல்லாமல் இல்லை. கல்விக்கடனைக் கட்டணத்துக்கு மட்டும் கேட்காமல் தங்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். முறையான கல்விக்கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் அந்தத் தொகைக்கு 28 நாள் கணக்கே தேவையில்லை. அவ்வளவு கடன் தாங்காது என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம். பிரிட்டன் அரசின் சீவ்னிங் உதவித்தொகை இரண்டு வருட வேலை அனுபவம் உள்ளவர்களில் தேர்வாகிறவர்களுக்கு மாஸ்டர்ஸ் படிப்பின் செலவை ஏற்கிறது. நானும் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், விண்ணப்பித்திருக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசே உதவித்தொகை தருகிறது. இதையெல்லாம் ஏஜென்ட் எங்களிடம் சொல்லவில்லை. சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறது. ஒரு வருடம் பொறுங்கள் என்று அவர் எதற்குச் சொல்வார்?

படித்த பிறகு இரண்டு வருடம் தங்கி வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்பதும் மாறுகிறது. 2027 ஜனவரி 1 முதல் அப்படித் தங்குவதற்கான விசாவுக்கு விண்ணப்பிக்கிற இளநிலை, மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்புக்குப் போகிற பிள்ளை இந்த 18 மாதத்துக்குள்தான் வருவான். மனைவியையோ கணவரையோ அழைத்துப் போவது, ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாஸ்டர்ஸ் மாணவர்களில் பெரும்பாலோருக்கு, 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. மாமா வாங்கிவந்த கண்காட்சி நோட்டீசில் இன்னும் 'இரண்டு ஆண்டு' என்றே இருக்கிறது.

படிப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் அசைன்மென்டில் 48 மார்க் வாங்கி அழுதேன். அங்கே மாஸ்டர்ஸுக்கு 50 பாஸ், 70 எடுத்தாலே டிஸ்டிங்ஷன் என்று அப்போது தெரியாது. எந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று வரிக்கு வரி குறிப்பது எப்படி என்று நூலகத்தில் ஓர் ஊழியர் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். கடைசி டிசர்ட்டேஷனில் 66. குளிரில் கவலைப்படாமல் அதை எழுதியிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்ற ஆற்றாமை இன்றும் உண்டு. இன்று கோவையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் அந்தப் படிப்பால்தான் வேலை. கடன் தவணை இன்னும் நான்கு வருடம் பாக்கி.

(பெட்டி கட்டும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: நெய், பால்கோவா, கறி வறுவல் வைக்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் அங்கே கொண்டுபோகக் கூடாது, ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். பருப்புப் பொடியும் ரசப் பொடியும் தாராளமாக வையுங்கள்.)

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விக் கண்காட்சிச் செய்தியும் விளம்பரமும் வரும் பக்கத்தில், எந்த நாட்டுக்கு ஒன்பது மாதமோ ஒரு வருடமோ தங்கும் செலவு எவ்வளவு என்று அந்தந்த அரசே வெளியிட்டிருக்கும் தொகையை ரூபாயில் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். அதன் கீழே, 'இது பிள்ளை செலவழிக்க வேண்டிய பணம்' என்று ஒரு வரி சேருங்கள். கட்டணத்தை எல்லோரும் பார்க்கிறோம், இந்தத் தொகையைத்தான் யாரும் செலவாகப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் தினமும் காலையில் அப்பா விளம்பரம் உட்பட ஒரு பக்கம் விடாமல் உங்கள் நாளிதழைப் படிப்பவர். 2022-இல் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்தச் செக்கில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
நாமக்கல்.