குடிநீர்ப் பயனாளர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் செயற்குழு சார்பில் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது, அதைக் காப்பாற்றும் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்ற இரண்டையும் மட்டும் இங்கே சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்துப் போர்வெல்களில் உள்ள புளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பது இந்தப் பாறை நிலத்தில் செல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை விடுகிறது.

ஜப்பான் நிதியுதவியுடன் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. காவிரித் தண்ணீரில் புளோரைடு குறைவு. கெடுவது ஊர்த் தொட்டியில். சப்ளை குறையும் நாளில் அதே மேல்நிலைத் தொட்டிக்குப் போர் தண்ணீரையும் ஏற்றுகிறோம். 0.5 உள்ள காவிரித் தண்ணீரோடு 3 உள்ள போர் தண்ணீர் சரிபாதி சேர்ந்தால் 1.75 ஆகிவிடும். வீட்டில் அதை "ஒகேனக்கல் தண்ணி" என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். எட்டு வயது வரை, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீர்தான் பின்னால் பல்லில் பழுப்புக் கறையாக நிற்கும். கொதிக்க வைப்பதில் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற புளோரைடின் அடர்த்தி ஏறும்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மீட்டர் மொத்த உப்பைச் சொல்லும், புளோரைடைச் சொல்லாது. டி.டி.எஸ். 400 காட்டும் தண்ணீரிலும் புளோரைடு 2 இருக்கலாம். அதற்குக் கள ஆய்வுக் கிட்தான் வேண்டும். குறித்த அளவு தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் புளோரைடு குறைவு. நிறம் மஞ்சளுக்குப் போகப் போக அளவு அதிகம். பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும்.

குளோரின் விஷயம் சுருக்கமாக. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால், 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 240 கிராம் ஆகும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். கணக்குச் சரியாக இருந்தும் கடைசிக் குழாயில் இருக்க வேண்டிய லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் வராது. மேட்டுக் காலனிதான் கடைசி. அங்கே கேட் வால்வை முதலில் திறந்து, ஒரு மணி நேரம் கழித்துக் கீழ்த்தெருவுக்கு விடும் முறையை விடாமல் பிடிக்க வேண்டும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் மேட்டில் தண்ணீர் நிற்பது மட்டுமில்லை, பழுதான மூட்டு வழியாகச் சாக்கடையும் பைப்புக்குள் போகும்.

இனி ஆர்.ஓ. நிலையம், அதாவது மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பையும் புளோரைடையும் பிரிக்கும் நிலையம். மணிக்கு 500 லிட்டர் தரும் நிலையம் ஒன்றை ஆறு மணி நேரம் ஓட்டினால் 3,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 150. ஏற்றும் தண்ணீரில் பாதிதான் நல்ல தண்ணீராக மீளும் என்பதால் இன்னொரு 3,000 லிட்டர் கழிவாகப் போகிறது, அதில் புளோரைடு ஏறத்தாழ இரு மடங்கு. கழிப்பறைக்கும் தரை கழுவவும் விடலாம். போர்வெல் பக்கத்து உறிஞ்சுகுழியில் விடக்கூடாது, மாட்டுத் தொட்டியிலும் கூடாது.

ஆர்.ஓ. நிலையங்கள் பெரும்பாலும் மெம்பிரேனில்தான் சாகின்றன. உப்புப் படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏற்றும் 6,000 லிட்டருக்கு 24 கிராம். 5 கிலோ கேன் ஏழு மாதம் வரும். இவ்வளவு சின்னச் செலவுதான். மருந்தைச் செலுத்தும் டோசிங் பம்பில் காற்று அடைத்தாலோ மருந்து தீர்ந்தாலோ உடனே எதுவும் நின்றுவிடாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். சில வாரத்தில் பிரஷர் ஏறும், கேன் நிரம்ப நேரமாகும். அப்போது மெம்பிரேனைக் கழற்றினால் முனையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு விரலில் உரசும். வரத்து 10 முதல் 15 சதவீதம் குறைந்ததுமே 100 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 2 கிலோ சிட்ரிக் அமிலம் கலந்து சுற்றவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் மீளும். தாமதித்தால் மாற்றத்தான் வேண்டும். குளோரின் போட்ட தொட்டித் தண்ணீரை உள்ளே விடுவதாக இருந்தால் குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டர் உயிரோடு இருக்க வேண்டும். குளோரின் பட்ட மெம்பிரேனை எந்தக் கழுவலும் மீட்காது.

பணத்துக்கு வருகிறேன். நிலையம் கட்ட ஆள் கிடைக்கிறது, ஓட்டவும் மாற்றவும் கிடைப்பதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமைக்கும் கட்டுமானத்துக்கு மக்கள் பங்கு 10 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் உள்ள ஊருக்கு 5 சதவீதம், அதை உழைப்பாகவும் தரலாம். ஊராட்சிக்கு வரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. அதன் காலம் 2025-26 வரைதான். நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில் பாதுகாப்பான குடிநீர் இடம்பெறுகிறது. அதைச் சங்கம் வாங்க, மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்யும் சி.எஸ்.ஆர்-1 பதிவு அவசியம். தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு நடக்கும் பணிக்கும் அவர்கள் தர விதி இடம் கொடுக்கிறது. ஆகவே "கட்டிடமும் பெயர்ப்பலகையும்" என்று வரும் நிறுவனத்திடம் மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கச் செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையை, அதை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. கையில் ரொக்கமாக யார் தந்தாலும் வேண்டாம்.

நம் கையில் இருப்பது கேன் காசு. கேனுக்கு 5 ரூபாய் என்றால் 150 கேனுக்கு நாளொன்றுக்கு 750. கரண்டும் கூலியும் அதிலேயே போய்விடும். அதனால் மெம்பிரேன் மாற்றத் தேய்மான நிதியாக ஒவ்வொரு கேனிலும் 1 ரூபாயை அன்றே ஒதுக்கி வைக்க வேண்டும். ஆண்டில் 300 நாள் ஓடினால் 45,000 சேரும். காசு தர முடியாத குடும்பங்களுக்கு இலவசம் தரவே வேண்டும். ஆனால் அந்தச் செலவை ஊராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டும். மெம்பிரேன் பணத்தில் கைவைத்தால், நிலையம் நிற்கும் நாளில் முதலில் தண்ணீர் இழப்பவர்களும் அவர்களே.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: தேய்மான நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கலாம், போர் தண்ணீருக்குத் தனித் தொட்டியும் சிவப்பு வண்ணமடித்த தனிக் குழாயும் கேட்டு ஊராட்சிக்கு மனு, மாதம் ஒரு முறை தொட்டியிலும் காலனியின் கடைசிக் குழாயிலும் புளோரைடு, குளோரின் சோதித்து நிலையச் சுவரில் எழுதுவது. மார்ச் 22 கிராம சபையில் ஆண்டு முழுவதற்குமான சோதனை அளவுகளை வாசித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வது.

செயற்குழுவுக்காக,
செயலாளர்