ஜப்பானிய மொழி படிக்கும் உன் மகளுக்கு முதலில் என்ன வாசிக்கக் கொடுக்கலாம்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் தங்கை மகள் வளைகாப்புக்குக் குடியாத்தம் போக வேண்டி வந்தது, திரும்பி வந்தால் இவருக்குக் கண் ஆபரேஷன், இப்போதுதான் வீடு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இவர் நன்றாக இருக்கிறார், சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு விட வேண்டும். காட்பாடியில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, ஆரணிக்காரிக்கு அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஹிராகனா, கதகனா என்கிற இரண்டு எழுத்து வரிசையும் முடித்துவிட்டாள், 'மின்னா நோ நிஹோங்கோ' பாட வரிசையின் முதல் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டாள், ஆனால் இப்போது புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்கிறாள், டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுத வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். எழுதட்டும்டி. நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து ராத்திரி எழுத்துப் பழகுகிற பெண்ணைச் சோம்பேறி என்று நினைக்காதே. அந்தப் பாடத்தில் வருகிற மில்லர் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையே ஒருத்தி எத்தனை மாதம் படிப்பாள்? பாடப்புத்தகம் இலக்கணத்துக்கு வேண்டும், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்க வைக்கிற ஒன்றை இதுவரை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் சில பெண்கள் வந்து உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் வாசிக்கிறார்கள் என்று போன முறை சொன்னேனே, பாதிப் பேர் நர்சுகள், மற்றவர்கள் வி.ஐ.டி.யில் படிக்கிறவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, ஆரம்பத்தில் கொடுக்கிற புத்தகம் 'இது ரொம்பச் சுலபமா இருக்கே' என்று அவர்கள் சொல்லும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் எழுத்துக் கூட்டுவது மறந்து கதை ஓட ஆரம்பிக்கிறது.

ஜப்பானில் இதற்கு 'ததோகு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மிகச் சுலபமானதிலிருந்து தொடங்கு, வாசிக்கும்போது அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, பிடிக்கவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு வேறொன்றை எடு, இவ்வளவுதான் விதி. கடைசி விதிதான் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம், எடுத்ததை முடிக்காமல் வைப்பது தப்பு என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். அவளுக்கு நீயே வாயைத் திறந்து சொல், பிடிக்காவிட்டால் தூக்கி வைத்துவிடலாம் என்று. லாங்கு பஜாரில் வாடகைக்கு எடுத்து நாம் முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் படித்த மாதிரிதான் அவளும் படிக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினோம் அப்போது?

இந்த முறையைப் பரப்புகிற, லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்று ததோகு டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் நிறையச் சின்னப் புத்தகங்களை இலவசமாக பி.டி.எஃப். ஆகப் போட்டிருக்கிறது. படிப்படியாக நிலை பிரித்திருக்கிறார்கள், அடி நிலையில் பக்கம் முழுக்கப் படம், கீழே ஒன்றிரண்டு வாக்கியம், அவ்வளவுதான். சிலவற்றுக்கு ஒலிப்பதிவும் உண்டு. உன் மகள் பாதிப் புத்தகம் முடித்தவளாக இருந்தாலும் பூஜ்ய நிலையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல், ஒரே ராத்திரியில் நாலைந்து முடித்துவிடுவாள், 'ஜப்பானிய மொழியில் ஒரு புத்தகம் முடித்தேன்' என்கிற அந்த சந்தோஷத்தை அவளிடம் நீ பார்க்க வேண்டும். போனில் வாசிப்பதைவிட ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் போட்டுக் கொடுப்பது நல்லது, எங்கள் மாடியில் அப்படித்தான் கைமாறுகின்றன. அச்சில் விற்கிற வரிசையும் ஒன்று உண்டு, டோக்கியோவின் ஆஸ்க் பதிப்பகம் போடுவது, முதல் நிலைக்கு சுமார் 350 சொற்கள், இரண்டாவதுக்கு 500, மூன்றாவதுக்கு 800 என்று கணக்கு வைத்து எழுதியவை, கான்ஜி என்கிற சீன வழி எழுத்து எல்லாவற்றின் பக்கத்திலும், அதை எப்படிப் படிப்பது என்று காட்டுகிற ஃபுரிகானா என்கிற சின்ன எழுத்து இருக்கும். நல்ல புத்தகங்கள்தான், ஆனால் இங்கே வரவழைத்தால் விலை கூடுதல், இலவசமாகக் கிடைப்பதை முடித்துவிட்டு யோசிக்கலாம்.

குழந்தைக் கதைப் புத்தகம் வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஜப்பானில் ஹமாமட்சுவில் இருக்கிற என் பேரனுடைய படப் புத்தகங்களைப் பிரித்தாலே தெரிந்துவிடும், அவை ஐந்து வயதுக்குள் ஆயிரக்கணக்கான சொற்களைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதியவை. 'மொமொதாரோ' கதையின் தொடக்கத்திலேயே தாத்தா மலைக்குச் சுள்ளி வெட்டப் போகிறார், ஆற்றில் பீச் பழம் 'தொன்புராகோ தொன்புராகோ' என்று மிதந்து வருகிறது, இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. ஒலிக்குறிப்புச் சொற்கள் அவர்களிடம் ஏராளம். எல்லாம் ஹிராகனாவிலேயே இருப்பதும் உதவாது, கொஞ்சம் கான்ஜி பழகியவளுக்கு அதைப் பார்த்தால் சொல் சட்டென்று கண்ணில் படும், வெறும் ஹிராகனா என்றால் சொல் எங்கே முடிகிறது என்றே தேட வேண்டும், இடைவெளி விட்டு அச்சிட்டிருந்தாலும்கூட. பாடத்தில் அவள் படித்தது 'மஸ்' என்று முடிகிற மரியாதைப் பேச்சு, குழந்தைக் கதையில் பேசுகிறவர்கள் வீட்டுப் பேச்சு பேசுவார்கள்.

அந்த வீட்டுப் பேச்சு அவளுக்குக் கண்டிப்பாக வேண்டும், ஜப்பானில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனால் அங்கே பாட்டிமார்கள் பாடப்புத்தகம் மாதிரி பேசப் போவதில்லை. அதற்கு மாங்கா என்கிற அவர்களுடைய காமிக்ஸ்தான் சரி. முதலில் 'யோத்சுபா தோ' கொடு, அசுமா கியோஹிகோ வரைந்தது, முதல் தொகுதி 2003-இல் வந்தது. பச்சை முடி வைத்த ஐந்து வயசுப் பெண் அப்பாவோடு புது வீட்டுக்குக் குடி வருகிறாள், பக்கத்து வீட்டில் மூன்று அக்கா தங்கைகள், அவ்வளவுதான் கதை. ஏ.சி. போட்டால் பூமி சூடாகும் என்று கேள்விப்பட்டு அவள் செய்கிற ரகளையை வேலூர் வெயிலில் உட்கார்ந்து வாசிக்கிற எங்கள் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். என்ன நடக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது, கான்ஜிக்கு ஃபுரிகானா இருக்கிறது, பேசுவதெல்லாம் சாப்பாடு, மழை, கடைக்குப் போவது மாதிரி தினசரி விஷயம். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வாசிக்க வேண்டும், எழுத்து மேலிருந்து கீழாக இறங்கும், முதல் சில பக்கம் கண் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். ஜப்பானிய மின்னூல் கடைகளில் முதல் சில பக்கங்களை இலவசமாகப் பார்க்க விடுவார்கள், பிடித்தால் மட்டும் வாங்குங்கள். 'டோரேமான்' அடுத்து. டி.வி.யில் தமிழில் பார்த்தே வளர்ந்தவள், நோபிதா அழுதுகொண்டு ஓடி வந்தால் என்ன கேட்பான் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும், அப்படிக் கதை தெரிந்திருப்பது பாதிச் சுமையைக் குறைத்துவிடும். 'ஷின்சான்' மட்டும் கொஞ்ச காலம் கழித்து, அவன் வீட்டுக்கு வந்ததும் சொல்ல வேண்டியதை மாற்றி, வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டிய வரவேற்பைச் சொல்கிறவன், சரியானது எது என்று தெரிந்த பிறகுதான் அது ரசிக்கும்.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் சுலபச் செய்திகளை அவள் படிக்கும் இடத்தில் கொடுக்கிறார்கள் என்றாய். ஃபுரிகானாவோடு, வெளிநாட்டவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என்று எழுதுவதுதான், நல்ல முயற்சி. ஆனால் புயலும் தேர்தலும் படித்து மொழிமேல் ஆசை வராது, என்4 நெருங்கும்போது போதும்.

இன்னொன்று முக்கியம். அவள் படிக்கிற இடத்தில் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள், அதனால் அவளும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள் போல. அந்தப் பழக்கத்தை விடச் சொல். வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழுக்கும் உண்டு, வந்த வரிசையிலேயே வாசித்தால் தானாகப் புரியும். வாய்விட்டு வாசிக்கட்டும், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

அவள் கொஞ்சம் தேறிய பிறகு கொடுக்க எனக்கு ஆசையாக ஒன்று வைத்திருக்கிறேன், நீமி நான்கிச்சி எழுதிய 'கோன் கித்சுனே', ஒரு நரியின் கதை, 1932-இல் ஒரு பத்திரிகையில் வந்தது, ஜப்பானில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பாடத்தில் படிப்பது. அவர் 29 வயதிலேயே இறந்துபோனார். காப்புரிமை முடிந்த நூல்களை வைத்திருக்கிற ஆஓசோரா புன்கோ தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன், அவளே வாசித்து எனக்குப் போன் பண்ண வேண்டும்.

பூஜ்ய நிலைப் புத்தகங்களில் நல்லதாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் இன்று ராத்திரியே அனுப்புகிறேன். எதை முடித்தாள், எதைப் பாதியில் வைத்தாள் என்று கேட்டு எழுது, அதை வைத்துத்தான் அடுத்து என்ன அனுப்புவது என்று முடிவு பண்ண முடியும். லீவு கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடு, மதியச் சாப்பாடு இங்கேதான், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிறேன்.

உன்,
காட்பாடித் தோழி