நர்ஸ் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மருத்துவமனையின் தரம் என்றாலே புதுக் கட்டடம், புது ஸ்கேன் மெஷின் என்றுதான் பேச்சு போகிறது. ஆயுள் முழுக்க வார்டில் வேலை பார்த்தவள் நான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. பெரிய ரத்தக்குழாயில் ட்யூப் செருகும்போது ஐந்தே விதிகள்: கை கழுவுவது, முழுத் தடுப்பு உடையும் விரிப்பும், குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, கூடியவரை தொடை வழியைத் தவிர்ப்பது, தேவை முடிந்த ட்யூபை உடனே எடுத்துவிடுவது. ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்தது. அவசரமில்லாத நேரத்தில் ஒரு படி விடுபட்டால், செய்பவர் டாக்டரே ஆனாலும் நர்ஸ் தடுத்து நிறுத்தலாம் என்பதும் அதில் உண்டு. எனக்கு முக்கியம் அதுதான். பார்த்துக்கொண்டே வாய் திறக்க முடியாமல் நின்ற நர்ஸுகள் எத்தனை பேர்!

ஷிப்ட் மாறும்போது மேஜையருகே நின்று கேஸ் ஷீட்டை வாசித்தால், ட்ரிப் ஏறும் கை வீங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. கட்டிலருகே போனால்தான் தெரியும். மருத்துவமனையின் தரத்தை ஆய்வு செய்பவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும் முன் ஒரு நைட் ஷிப்ட் முழுக்க எங்களோடு நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு செவிலியர்