அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தரவரிசை: அளவுகோலையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வரலாறு நெடுகிலும் சிறந்து விளங்கிய அணிகள் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான பட்டியலைப் படித்தேன். மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட், அலபாமா, நோட்டர் டேம், ஓக்லஹோமா ஆகியவை முதல் வரிசையில் இருந்ததில் வியப்பில்லை. அவை இல்லாமல் அப்படியொரு பட்டியலை எவரும் போட மாட்டார்கள். என் குறை வேறு. எதை எண்ணி அந்த வரிசை அமைக்கப்பட்டது என்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. வெற்றிகளின் மொத்த எண்ணிக்கையா, வெற்றி விகிதமா, தேசியப் பட்டங்களா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற விவரங்கள் இல்லாத தரவரிசையை, கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் அளவுகோலைச் சொல்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டப் பிரிவுக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இன்றுவரை தானாக ஒரு சாம்பியன் பட்டத்தை வழங்கியதே இல்லை. ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் 1869 நவம்பர் 6 அன்று மோதிய முதல் ஆட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. இதில் பெரும்பகுதிக் காலத்தில் முதலிடம் யாருக்கு என்பதைப் பத்திரிகையாளர்களின் வாக்கும், பயிற்சியாளர்களின் வாக்கும், தனி மனிதர்கள் வகுத்த கணக்கு முறைகளுமே தீர்மானித்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பு 1936-இல் தொடங்கியது. பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு 1950-இல் வந்தது. முதல் இரண்டு அணிகளை ஒரே களத்தில் சந்திக்க வைக்கும் ஏற்பாடு 1998-இல்தான் ஓரளவு நிலைபெற்றது. நான்கு அணிகள் மோதிப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் 2014 பருவத்திலும் பன்னிரண்டு அணிகளின் பிளேஆஃப் 2024 பருவத்திலும் வந்தன. ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் இத்தனை முறை தேசிய சாம்பியன் என்று சொல்லும்போது, அதில் எத்தனை களத்தில் வென்றவை, எத்தனை வாக்கில் கிடைத்தவை, எத்தனை பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகமே எழுதிக்கொண்டவை என்று கேட்கத் தோன்றுகிறது.

அலபாமாவின் 1941-ஆம் ஆண்டுப் பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமா உரிமை கோரும் 18 பட்டங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பருவத்தில் அந்த அணி மிசிசிப்பி ஸ்டேட்டிடமும் வாண்டர்பில்ட்டிடமும் தோற்றது. தான் சேர்ந்து ஆடும் பல்கலைக்கழகக் குழுவான தன் சொந்தக் கூட்டமைப்பில்கூட முதலிடம் பெறவில்லை, அந்த இடம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போனது. அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் அதற்குக் கிடைத்தது இருபதாவது இடம். ஒரு ஆட்டத்திலும் தோற்காத மினசோட்டாதான் அங்கே முதலிடம். பிறகு, பருவ முடிவில் அழைக்கப்பட்ட அணிகள் ஆடும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பவுலில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அலபாமா 29-21 என்று வென்றது என்றாலும், அந்த ஆட்டத்தின் குறிப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும்: அலபாமா எடுத்த ஃபர்ஸ்ட் டவுன் (பத்து கெஜம் முன்னேறிப் பந்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் உரிமை) மொத்தம் ஒன்றே ஒன்று, எதிரணியோ பன்னிரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தது. ஹௌல்கேட் என்ற ஒரு கணக்கு முறை மட்டும் அலபாமாவுக்கு அந்த ஆண்டின் முதலிடத்தைக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-களில்தான் அந்தப் பட்டம் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் ஏறியது. அலபாமா மாபெரும் அணி என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. அதற்கு இந்த 1941 தேவையே இல்லை என்பதால்தான் இது இன்னும் உறுத்துகிறது.

அலபாமாவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012-இல் புதிய கூட்டமைப்புக்கு மாறியபோது 1919, 1927 ஆகிய ஆண்டுகளைத் தன் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. சென்ட்ரல் ஃபுளோரிடா 2017 பருவத்தில் 13 ஆட்டங்களையும் வென்றும் பிளேஆஃபுக்கு அழைக்கப்படவில்லை என்ற வருத்தத்தில் தன்னைத்தானே சாம்பியன் என்று அறிவித்து ஊர்வலமே நடத்தியது. அந்த ஆண்டு அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் வென்றிருந்த ஆபர்னை அது பவுல் ஆட்டத்தில் 34-27 என்று வீழ்த்தியிருந்ததால், அந்த உரிமைகோரலை வெறும் வேடிக்கை என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

பட்டங்களை விட்டுவிட்டு வெற்றிகளை எண்ணலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். மிச்சிகன் 2023 நவம்பர் 18 அன்று மேரிலாந்தை 31-24 என்று வென்று ஆயிரம் வெற்றிகளை எட்டிய முதல் அணியானது, அது பெருமைக்குரியதே. ஆனால் எண்ணூறு வெற்றிகளை 2000-ஆம் ஆண்டில் முதலில் எட்டியது யேல். விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை என்று முடிவெடுத்து, ஐவி லீக் என்ற தன் கூட்டமைப்பின் மற்றக் கல்லூரிகளோடு சேர்ந்து உயர்மட்டப் போட்டியிலிருந்து யேல் தானாகவே விலகி நின்ற பின்னரும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. மொத்த எண்ணிக்கை என்பது பெரும்பாலும் எவ்வளவு முன்னதாகத் தொடங்கினார்கள், ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்பதையே காட்டுகிறது. நோட்டர் டேம் 1925 முதல் 1969 வரை பவுல் ஆட்டங்களுக்கே போவதில்லை என்ற கொள்கையில் இருந்தது. மிச்சிகன் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பின் அணிகளுக்கு 1975 வரை ரோஸ் பவுல் தவிர வேறு பவுலுக்குச் செல்ல அனுமதி இல்லை. மிச்சிகன் 1947-இல் தோல்வியே இல்லாமல் முழுப் பருவத்தையும் முடித்தபோது அதன் கணக்கில் சேர்ந்தவை பத்து வெற்றிகள். இண்டியானா 2025 பருவத்தில் அதையே செய்தபோது சேர்ந்தவை பதினாறு. இந்த இரண்டையும் ஒரே கூட்டலில் போடுவது எந்த வகையில் சரி?

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று பட்டியல் போடுகிறவர்களின் கண்ணில் படுவதே இல்லை. ஓர் அணி எத்தனை ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பதற்கு என்.சி.ஏ.ஏ. 1973-இல்தான் 105 என்ற வரம்பை விதித்தது. அது 1978-இல் 95 ஆகவும் 1990-களின் முற்பகுதியில் 85 ஆகவும் குறைந்தது. அதற்கு முன்பு பணமும் பெயரும் உள்ள பல்கலைக்கழகம் தனக்குத் தேவையானவர்களை மட்டுமல்ல, எதிரணிக்குப் போய்விடக் கூடாதவர்களையும் சேர்த்துத் தன் பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்ள முடிந்தது. ஆகவே 1950-களில் ஓர் அணி ஆண்டுக்கணக்கில் தோற்காமல் இருந்ததையும், 2000-க்குப் பிறகு ஓர் அணி அவ்வாறு இருந்ததையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. வரம்பு வந்த பிறகு என்ன நடக்கக்கூடும் என்பதற்கு, 2007 செப்டம்பர் 1 அன்று, ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே, ஒரு படி கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வென்றது ஒன்றே போதும்.

நான் மிகவும் வருந்துவது, தங்கள் பட்டியலில் மட்டுமல்ல, இத்தகைய எல்லாப் பட்டியல்களிலும் விடுபட்டுப்போகிறவர்களைப் பற்றித்தான். லூசியானாவில் உள்ள கிராம்பிளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் எடி ராபின்சன் 1941 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 408 ஆட்டங்களை வென்றார். அலபாமாவின் பயிற்சியாளர் பேர் பிரையண்ட் விட்டுச்சென்ற 323 என்ற எண்ணை அவர் 1985-இல் கடந்தார். அவரிடம் பயின்ற டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) ஆனார். ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜேக் கெய்த்தர் 1945 முதல் 1969 வரை 203 வெற்றிகளைப் பெற்றார். தோல்விகள் வெறும் 36. அந்த ஆண்டுகளில் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குத் தங்கள் அணியில் இடம் தரவில்லை. தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களமிறங்கியது 1967-இல், அலபாமா ஒரு கறுப்பின இளைஞருக்கு முதன்முதலில் கால்பந்து உதவித்தொகை அளித்தது 1970 பருவத்தில். ஆகவே, அலபாமாவின் 1961, 1964, 1965 பட்டங்களும், டெக்சஸின் 1969 பட்டமும் ஒரு வெள்ளையரல்லாதவர்கூட இல்லாத அணிகள் பெற்றவை. அதே காலத்தில் அதே மாநிலங்களின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் பலர் கிராம்பிளிங்கிலும் ஜாக்சன் ஸ்டேட்டிலும் ஆடினார்கள். இரு தரப்பு அணிகளையும் சந்திக்கவே விடாமல் வைத்துவிட்டு, பின்னாளில் ஒரு தரப்பின் எண்களை மட்டும் கூட்டி அதற்கு வரலாறு என்று தலைப்பிடுவது எப்படிப் பொருந்தும்? கறுப்பினக் கல்லூரிகளின் சாம்பியனை 1920 முதல் தேர்ந்தெடுத்து அறிவித்து வந்தது பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகை. மற்றவர்கள் எண்ணாததை ஒரு செய்தித்தாள் எண்ணி வைத்திருந்தது என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ராபின்சனின் 408 பிறகும் அலைக்கழிக்கப்பட்டது. பென் ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ 2011-இல் 409-ஆவது வெற்றியால் அதைத் தாண்டினார். பல்கலைக்கழகத்தில் வெளிவந்த சிறார் கொடுமை வழக்கையடுத்து 2012-இல் அவருடைய 111 வெற்றிகளை என்.சி.ஏ.ஏ. அழித்து, அவர் கணக்கை 298 என்று நிறுத்தியது. 2015 ஜனவரியில் ஓர் உடன்பாட்டில் அவை திருப்பித் தரப்பட்டன. நடந்து முடிந்த ஆட்டங்கள் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறி மாறி வந்தது. அலபாமாவும் நோட்டர் டேமும் வெவ்வேறு விதிமீறல்களுக்காகத் தலா 21 வெற்றிகளை இழந்திருக்கின்றன. தங்கள் பட்டியல் அவற்றைக் கழித்ததா, சேர்த்ததா என்பதும் தெரியவில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் வரலாற்றுத் தரவரிசையே கூடாது என்பது என் கருத்தன்று. அசோசியேட்டட் பிரஸ் 2016-இல் தன் வாக்கெடுப்பின் எண்பது ஆண்டுகளைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி, முதலிடத்துக்கு இரண்டு, பட்டத்துக்குப் பத்து என்று முறையைச் சொல்லிவிட்டுத்தான் ஒஹையோ ஸ்டேட்டை முதலிலும் ஓக்லஹோமாவை இரண்டாவதாகவும் வைத்தார்கள். 1936-க்கு முந்தைய யேல், சிகாகோ போன்ற அணிகள் அதில் இல்லை என்பதும், 1960-களின் பிற்பகுதி வரை பவுல் ஆட்டங்களுக்கு முன்பே இறுதி வாக்கெடுப்பு முடிந்துவிடும் என்பதும் அதன் குறைகள். ஆனாலும் முறையைத் திறந்து வைத்ததால் குறையையும் நாம் பார்க்க முடிகிறது.

நீண்டகால வெற்றிக்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு: எத்தனை வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ் அந்தப் பல்கலைக்கழகம் பட்டம் பெற்றது? ஒரு மேதை இருந்தவரை வென்றதை அந்த மேதையின் கணக்கில் எழுதலாம். அவர் போன பிறகும் வென்றால்தான் அது நிறுவனத்தின் வெற்றி. நோட்டர் டேமுக்கு ராக்னி, லீகி, பார்சீகியன், டிவைன், ஹோல்ட்ஸ் என ஐவர். ஒஹையோ ஸ்டேட்டுக்கு 1942-இல் பால் பிரவுன் தொடங்கி வுடி ஹேய்ஸ், டிரெசல், அர்பன் மேயர், 2024 பருவத்தில் ரையன் டே வரை ஐவர். மயாமி 1983-க்கும் 2001-க்கும் இடையே நான்கு பயிற்சியாளர்களிடம் ஐந்து பட்டங்கள் வென்றது, அதன்பின் நெடுங்காலம் ஒன்றுமில்லை. இந்த அளவுகோலும் வாக்குகளால் கிடைத்த பட்டங்களை நம்பியே நிற்கிறது என்பதை அறிவேன். மிச்சிகனில் 194 ஆட்டங்களை வென்ற போ ஷெம்பெக்லர் ஒரு தேசியப் பட்டம்கூட இல்லாதவர் என்பதால் இதில் காணாமலே போகிறார்.

மகள் குடும்பத்தோடு நான் தங்கியிருந்த நெப்ராஸ்கா இதற்கு மறுபக்கம். லிங்கன் நகரத்து மைதானத்தில் 1962 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லா இருக்கைகளும் விற்றுத் தீர்கின்றன. அந்நாட்களில் சொந்த அணி முதல் புள்ளி எடுத்தவுடன் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே எழும். தோற்கப்போகும் ஆட்டத்திலும் அதைத் தவறவிட மாட்டார்கள். அந்த அணி 1969 முதல் 2001 வரை ஒவ்வொரு பருவத்திலும் ஒன்பதுக்குக் குறையாமல் வென்றது, 33 பருவங்கள். ஐந்து பட்டங்களும் டெவானி, ஆஸ்போர்ன் என்ற இரு பயிற்சியாளர்களுக்கே உரியவை. கூட்டமைப்புப் பட்டம் கடைசியாக வந்தது 1999-இல். வெற்றி விகிதப் பட்டியலில் இன்றும் உயரத்தில் இருக்கும் நெப்ராஸ்கா, 2017 முதல் 2023 வரை ஒரு பவுல் ஆட்டத்துக்கும் தகுதி பெறவில்லை. தோல்விகளின் எண்ணிக்கையில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த இண்டியானாவோ 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. எந்த வரலாற்றுத் தரவரிசையும் இந்த இரண்டில் ஒன்றைக்கூட நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் படிக்கப் போகும் பிள்ளைகள் பலருடைய வீடுகளில் இந்தப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் அன்றாடப் பேச்சில் இருப்பதால், இத்தகைய பட்டியலுக்கு நம் வாசகர்களிடையே ஆர்வம் இருக்கிறது. அடுத்த முறை வெளியிடும்போது, எண்ணியது எது, தொடங்கிய ஆண்டு எது, அழிக்கப்பட்ட வெற்றிகள் சேர்ந்தனவா என்பதை மூன்று வரிகளில் அடியில் அச்சிடுமாறும், 1973-க்கு முந்தைய பருவங்களையும் பிந்தையவற்றையும் தனித்தனியே தருமாறும், கிராம்பிளிங், ஃபுளோரிடா ஏ அண்ட் எம் ஆகியவற்றின் எண்களை அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டமாகவாவது சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்