டெக் கிடைக்கும்போதே அந்தக் கேசட்டைப் பதிந்து வாங்கிவிடு

யோகோஹாமா
16.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியக்காவுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த தடவை மறக்காமல் எழுது.

போன வாரம் பீரோவைச் சுத்தம் பண்ணும்போது எடுத்தேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாயே, பெரியக்கா கல்யாண வீடியோ கேசட், அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டையில் அப்பா கையெழுத்து, நீல மையில், "திருமணம் 1993, பாகம் 1" என்று. "இதைப் போட்டுப் பார்க்க டெக்கே இல்லையே, என்ன பண்ண?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படியும் தூக்கிப் போட்டுவிடாதே. இங்கே அனுப்பியும் வைக்காதே, அதில் பயனில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2008-இல் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது இதே கேசட்டை நான் பெட்டியில் வைத்து எடுத்து வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பழைய சாமான் கடையில் மூவாயிரம் யென்னுக்கு டெக் வாங்கினோம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டால் படத்தில் நிறமே இல்லை. கறுப்பு வெள்ளையில் கோடுகோடாக மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. பந்தல் தெரிகிற மாதிரி இருக்கும், உடனே நழுவிவிடும். டேப்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அன்றைக்கு அழுதேவிட்டேன். மறுநாள் உன் அத்தான் ஆபீசில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார், டேப் நன்றாகத்தான் இருக்கிறது, நம் ஊர் முறை வேறு, ஜப்பான் முறை வேறு என்று. நம் ஊர் டிவிக்குப் பால் (PAL) என்கிற முறை, வினாடிக்கு 25 படம், ஒரு படத்துக்கு 625 கோடு. இங்கே என்டிஎஸ்சி (NTSC) என்கிற முறை, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம், 525 கோடு. இந்த ஊர் டெக்குக்கு நம் கேசட்டைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் அடுத்த தடவை வந்தபோது அதைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன்.

இந்த 25, 30 எல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கரண்டிலிருந்துதான். ஆரம்பத்தில் டிவி கண்டுபிடித்த காலத்தில் அந்தந்த நாட்டு மின்சாரம் வினாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறதோ, அதை ஒட்டி, அதில் பாதியாகப் படத்தின் வேகத்தையும் வைத்தார்கள். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் பாதி ஊருக்கு 50, பாதி ஊருக்கு 60! ஷிசுஓகா பக்கம் ஃபுஜி என்று ஓர் ஆறு ஓடுகிறது, மலைக்கும் அதே பேர்தான், அந்த ஆற்றை ஒட்டித்தான் எல்லை. 1895-இல் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், அது 50. ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள், அது 60. நூற்று முப்பது வருஷமாக அப்படியே கிடக்கிறது. 2011 மார்ச் பூகம்பத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் கரண்டுக்குத் திண்டாட்டம், மேற்கே மின்சாரம் இருந்தும் மாற்றி அனுப்புகிற வசதி ஏறக்குறைய பத்து லட்சம் கிலோவாட்டுக்குத்தான் இருந்தது. வாரக்கணக்கில் முறைவைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

இது என் சமையலறையிலேயே நடந்த கதைதான். 2002-இல் முதலில் ஒசாகாவில் இருந்தோம் இல்லையா, அம்மா கொடுத்துவிட்ட மிக்ஸியை நேரே பிளக்கில் சொருகினேன், சும்மா முனகியது, தேங்காய்ச் சில்லு அப்படியே கிடந்தது. இங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட்தான். அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம், செங்கல் கனம், இன்னும் அடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. அதில் கிரைண்டரைப் போட்டால் ஓடியது, ஆனால் ஊரில் ஓடுவதைவிட வேகமாக, மாவு சீக்கிரமே சூடாகிவிடும். 2006-இல் யோகோஹாமாவுக்கு வீடு மாற்றி வந்த பிறகு, அதே கிரைண்டர், அதே டிரான்ஸ்ஃபார்மர், நம் வீட்டில் சுற்றின அதே நிதானத்தில் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாவு தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊர்க் கணக்கு. கிரைண்டருக்கு நல்லதாகப் போனது மைக்ரோவேவுக்கு ஆகவில்லை. ஒசாகாவில் வாங்கின மைக்ரோவேவ் இங்கே ஓயாமல் இரைந்தது, ஒரு வாடை வந்தது, பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கீழ்வீட்டுப் பாட்டியம்மா மேலே வந்து அதன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், "60 ஹெர்ட்ஸ் மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஒரு குறையும் இல்லாத பெட்டி, ஊர் மாறியதால் வீண்.

டிவி விஷயத்தில் ஊர்கூட மாறவில்லை. ஒசாகாவிலிருந்து கொண்டுவந்த குண்டு டிவி ஒன்று இருந்தது, நம் வீட்டுச் சாலிடேர் மாதிரி கனம், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். சில வருஷமாகவே திரையின் மூலையில் "அனலாக்" என்று ஓர் எழுத்து எந்நேரமும் நிற்கும், அந்தப் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறப்போகிறோம், உன் டிவி பழையது, மாற்று என்று அர்த்தம். 2011 ஜூலை 1-இலிருந்து கீழே இன்னொரு மூலையில் பெரிதாக, "இன்னும் இத்தனை நாள்" என்று எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பகல் 12 மணி. பிள்ளைகளும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டிருந்தவர்கள் மறைந்து, நீலப் பின்னணியில் வெறும் அறிவிப்பு வந்து நின்றது. அன்று நள்ளிரவோடு அதுவும் போயிற்று. பூகம்பம் தாக்கிய மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் அடுத்த மார்ச் வரை தவணை கொடுத்தார்கள், அது நியாயம். டிஜிட்டலை மாற்றித் தருகிற பெட்டி ஒன்று வைத்துப் பழைய டிவியையே ஓட்டியிருக்கலாம்தான், நாங்களும் எல்லோரையும்போலப் புதிதே வாங்கினோம். பழையதைக் குப்பையில் போடவும் முடியாது. டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் 2001-இலிருந்து சட்டம், தபாலாபீசில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி மேலே ஒட்டி அனுப்ப வேண்டும். ஓடுகிற டிவியை நானே பணம் கட்டி அனுப்பினேன். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இருபத்துமூன்று வருஷத்தில் நான் இங்கே கண்டது இதுதான் தம்பி. என் சாமான்களில் தேய்ந்து உடைந்து போனவை ரொம்பக் குறைவு. அதற்கு வேண்டிய இன்னொன்றை எங்கேயோ யாரோ நிறுத்திவிடுகிறார்கள், இது நன்றாக இருந்தும் ஊமையாகிவிடுகிறது. மடக்குகிற போன் ஒன்று வைத்திருந்தேனே, 3ஜி-யை நிறுத்தியதும் அதுவும் அப்படித்தான் போனது, உள்ளே இருந்த பிள்ளைகள் போட்டோவை முன்கூட்டியே எடுத்ததால் தப்பித்தேன்.

டெக்குக்கும் அதே கதி. உலகத்திலேயே கடைசியாக டெக் செய்துகொண்டிருந்தது ஃபுனாய் என்கிற ஜப்பான் கம்பெனி, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு எங்கே டெக் இருந்தாலும் அது பழையதுதான், அதன் ரப்பர் பெல்ட்டும், டேப்பைப் படிக்கிற ஹெட்டும் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. டேப்புக்கும் வயசாகிறது. இங்கே இதை "2025 பிரச்சினை" என்றே சொல்கிறார்கள், போட்டோ கடைகளில் கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் பெரும்பாலும் என்டிஎஸ்சி டெக். நம் கேசட்டுக்கு நம் ஊர் டெக்தான் வேண்டும்.

அப்பா கடிதங்களை மீட்டதும் இப்படித்தான். 2003-இல் பாளையங்கோட்டை பிரௌசிங் சென்டரில் அப்பா சொல்லச் சொல்ல அங்கே இருந்த பையன் திஸ்கி என்கிற பழைய கம்ப்யூட்டர் தமிழ் எழுத்து முறையில் தட்டி அனுப்புவான். யூனிகோட் என்கிற புது எழுத்து முறை வந்த பிறகு அந்த மெயில் எல்லாம் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது, பல வருஷம் திறக்கவே இல்லை. போன வருஷம் ஒரு கன்வெர்ட்டரில் போட்டேன், முப்பத்தொரு கடிதமும் அப்படியே வந்துவிட்டது. "மழை பெய்தது, தாமிரபரணியில் தண்ணீர் நிறைய" என்று ஒரு வரி. அது எழுத்து, திரும்பக் கிடைத்தது. அப்பா குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. பந்தியில் ஒவ்வோர் இலையாக நின்று "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். 1993-இல் டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் பார்த்தோமே, உனக்கு அப்போது எட்டு வயசு.

அதனால் இப்படிச் செய். முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக டேப்பைப் பார். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எதிலும் போட்டுப் பார்க்காதே, டேப்பும் கெடும், டெக் ஹெட்டும் கெடும். பூஞ்சையைச் சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கிற பழைய ஸ்டூடியோக்காரர்கள் யாராவது இன்னும் டெக் வைத்திருப்பார்கள், அவர்களைக் கேள். அங்கே இல்லையென்றால் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருப் பக்கம் விசாரி. டிவிடி மட்டும் போதாது, எம்பி4 ஃபைலாகவும் வேண்டும் என்று சொல், ஒன்றை உன்னிடம் வை, ஒன்றை எனக்கு அனுப்பு. பாகம் 2 பரணில் இருக்கும், அதையும் தேடு. பணம் நான் அனுப்புகிறேன், எவ்வளவு கேட்டாலும் பேரம் பேசாதே. பஸ்ஸில் பார்சல் போடாமல் நீயே கையில் எடுத்துப் போ, பதிந்து முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இரு, பந்தி வரும்போது எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
சின்னக்கா