நாடியில் எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

நாடி என்றாலே நிமிடத்துக்கு எத்தனை என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இருந்தால் கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். 78 என்று கருவி காட்டும் நாடியும் தாளம் தவறி ஓடலாம். அதை விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் அவசரத்தில் தாளக் கோளாறு நழுவிவிடும்.

எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது ஓங்கி அடித்தால், பெரும்பாலும் அது சற்று முந்தி வந்த கூடுதல் துடிப்புதான். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் இது வரும். தூக்கக் குறைவும் பதற்றமும் இதைக் கூட்டும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் நாடி தாறுமாறாக ஓடுவது வேறு. அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகம். இவர்களில் பலருக்குப் படபடப்பே தெரியாது என்பதுதான் எங்களுக்குக் கவலை. தொந்தரவு இல்லையே என்று இசிஜியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இசிஜி அந்தச் சில நொடிகளை மட்டுமே பதியும். முடிந்தவரை படபடப்பு இருக்கும்போதே எடுங்கள். வந்து வந்து போவதென்றால் 24 மணி நேர ஹோல்டர் பதிவு, அதாவது உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியில் தொடர்ந்து எடுக்கும் இசிஜி, தேவைப்படும். மாதம் ஒருமுறை வருவது அதிலும் சிக்காமல் போகலாம். அப்போது இன்னும் நீண்ட பதிவு வேண்டும். காரணம் அறிய தைராய்டு, பொட்டாசியம், ரத்தசோகைப் பரிசோதனைகளையும் விட்டுவிடக் கூடாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காகக் கொடுத்த, ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை, நாடி சீராகிவிட்டதென்று தாமாக நிறுத்துவது பெரும் தவறு. கோளாறு திரும்பினாலும் தெரியாமல் போகலாம். அதற்குள் ரத்தம் உறைந்துவிடும். அந்த மாத்திரைக்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும் என்பதும் சரியல்ல.

படபடப்புடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; அதுவும் அவசரமே. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பது பெரும்பாலும் அந்த நேரத்தைப் பொறுத்தே முடிவாகும்.

இப்படிக்கு,
இதயநோய்ச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்