நீலம் போட்டு முக்கிய உடுப்பு

மண்டபம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இரண்டு மாதமாக நாட்டுப்படகுக்காரர் சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் மீன் என்று இருந்தது. இனி கொஞ்சம் குறையும். கச்சான் காற்று பிடித்துவிட்டது. மாடியில் ஒரு துணிக்கு மூன்று கிளிப் போட வேண்டியிருக்கிறது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். தைலம் தேய்க்கச் சொன்னால் ஹிந்து பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் சொன்னேன். அப்புறம் கரண்ட் போய், வைஃபை போய், நீயும் தூங்கப் போயிருப்பாய். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால்தான் எனக்கும் யோசனை ஓடுகிறது.

அங்கே இங்கிலாந்தில் உன் பிள்ளை, நம் தம்பி, சேர்ந்திருக்கிற கப் குழுவில், அதாவது சாரணரில் சின்னப் பிள்ளைகள் பிரிவில், உடுப்புச் சண்டை என்றாய். பழைய தலைவர் ஒருவர், பச்சை ஸ்வெட் ஷர்ட், முறையான பேன்ட், ஸ்கார்ஃப் மூன்றும் இல்லாமல் வந்தால் அது சாரணர் கூட்டமே இல்லை என்கிறார். தாய்மார்கள் சிலர், டீ ஷர்ட் மேல் ஸ்கார்ஃப் போட்டால் போதாதா, பிள்ளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்கிறானே என்கிறார்கள். "நீ முப்பது வருஷம் பெண்பிள்ளைகளின் சாரணர் குழுவுக்கு, கைடுக்கு, கேப்டனாக இருந்தவள், நீ யார் பக்கம்?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். நீ படித்த காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் அந்தப் பழைய தலைவர் பக்கம் என்றிருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் ஷூவை நானே பாலீஷ் போட்டு, லேஸின் இரண்டு நுனியும் சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தவள் அல்லவா.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது ஒன்று. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நீ முன் வரிசையில் கொடி பிடித்து நின்றாய். பின்னால் நடந்தது தெரிந்திருக்காது.

உங்கள் குழுவில் கடல்பாசி எடுக்கிற ஒரு அம்மாவின் மகள் இருந்தாள். ஒல்லியாக, முன்பல் ஒன்று உடைந்து. முடிச்சு போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் புத்தகத்தைப் பார்த்து க்ளோவ் ஹிட்ச் சொல்லிக்கொடுத்தால், "டீச்சர், எங்க அப்பா இத ஒரு கையில போடுவாரு" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவாள். சுதந்திர தின அணிவகுப்புக்கு எல்லோரும் உடுப்பில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். கைடுக்கு வானநீலம். அந்தத் துணி இங்கே கிடைக்காது, ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய்த்தான் எடுக்க வேண்டும். தையல்கூலி வேறு.

அவள் உடுப்போடுதான் வந்தாள். கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது. அவள் அம்மா ஒரு பழைய வெள்ளைப் பள்ளி உடுப்பை வேட்டிக்குப் போடுகிற நீலத்தில் முக்கி எடுத்திருக்கிறாள். அக்குளில் திட்டாக அடர்நீலம். முதுகில் பிழிந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுப்பு. காலர் ஓரத்தில் நீலம் ஏறவே இல்லை. ஆகஸ்ட் வெயிலில் வியர்த்து, கழுத்தெல்லாம் லேசாக நீலம் இறங்கியிருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் அவளைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னேன். திட்டவில்லை. "நீ உயரம், பின்னாடி நில்லு" என்றேன். அவள் உயரமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்தாள், வணக்கம் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து தென்கடல் பக்கம் அவள் அம்மாவைப் பார்த்தேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறி வந்துகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிச் சுற்று, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, காலில் கயிறு கட்டிய ரப்பர் செருப்பு. கூட வந்த ஏழெட்டுப் பேரும் அச்சு அசலாக அதே கோலம். யாரும் சட்டம் போட்டு அவர்களை அப்படி உடுத்தச் சொல்லவில்லை. கடலுக்குள் நிற்க அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். நான் மகளைப் பற்றிக் கேட்டேன். "நீலம் சரியா பிடிக்கல டீச்சர், அடுத்த வருசம் துணி எடுத்துத் தாரேன்" என்றாள். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் நான் அரண்மனைக் கடையில் ஒரே பீஸில் முப்பது பேருக்குத் துணி எடுத்து வந்தேன். வேறு வேறு பீஸில் எடுத்தால் ஒரே நீலம்கூட ஒன்றோடொன்று ஒட்டாது, அதுவும் அப்போதுதான் தெரிந்தது. பணம் இருந்தவர்கள் கொடுத்தார்கள். மற்ற கணக்கை நான் எழுதவில்லை. அவள் அதற்குள் படிப்பை நிறுத்தியிருந்தாள்.

சரி, இனி உன் சண்டைக்கு வருகிறேன்.

அந்தப் பழைய தலைவர் மரபு, மரபு என்கிறார் அல்லவா. மரபின் ஆரம்பத்தைப் பார்த்தால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டார். உங்கள் இங்கிலாந்தில் பூல் துறைமுகத்துப் பக்கம்தான் அந்தத் தீவு, லீவில் தம்பியைக் கூட்டிப் போய்க் காட்டு. இருபது பையன்கள் வந்தார்கள். பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ மாதிரி பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். மீதிப் பேர் பூல், போர்ன்மத் ஊர்களில் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரு பாயில் உட்கார்ந்திருக்குமா? முழு உடுப்பு அப்போது பிறக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு காக்கி ஸ்கார்ஃப், ஒரு பித்தளை பேட்ஜ், எந்த அணி என்று தெரிய தோளில் ஒரு நிற நாடா. ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, காக்கைக்குச் சிவப்பு என்று. அவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் வேடிக்கை. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி. அங்கே சில பெண்பிள்ளைகள் தாங்களே தொப்பி, ஸ்கார்ஃப் எல்லாம் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை, உடுப்புச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. என்னை மாதிரி ஒரு கேப்டன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் கடைசி வரிசைக்கு அனுப்பியிருப்பாள். அவர்கள் வந்து நின்றதால்தான் மறு வருஷம் கைடு இயக்கமே வந்தது, நானும் வந்தேன், நீயும் வந்தாய்.

நம் பக்கத்திலும் உடுப்புச் சண்டை இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் முதலில் இந்தியப் பிள்ளைகளைச் சாரணரில் சேர்க்கவே இல்லை. அதனால்தான் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் 1916-ல் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு சேர்ந்துகொண்டது. அப்புறமும் பிரிவு, சண்டை எல்லாம் நடந்து, 1950 நவம்பர் 7-ல்தான் பாரத சாரணர் இயக்கம் ஒன்றானது. மறு வருஷம் ஆகஸ்ட் 15-ல் கைடும் அதில் சேர்ந்தது. உங்கள் பக்கமே 1967-ல் அந்த அகலத் தொப்பியையும் அரைக்கால் சட்டையையும் கழற்றி வைத்துவிட்டு நீளப் பேன்ட்டுக்கு மாறினார்கள். அப்போதும் பழையவர்கள் சிலர் பொருமியிருப்பார்கள். தம்பியின் தலைவர் இன்றைக்கு மரபு என்று காக்கிற பேன்ட் அப்போது புதுமைதான்!

இதையெல்லாம் அவரிடம் போய் அடுக்காதே. வயதான மனிதர். நாற்பது வருஷம் சனிக்கிழமைகளைக் கொடுத்தவருக்கு அந்த உடுப்பு வெறும் துணியாக இருக்காது. நான் ஓய்வு பெற்ற அன்று என் சேலையில் இருந்த பேட்ஜைக் கழற்றும்போது ஊக்கு குத்தி ரத்தம் வந்தது. கை நடுக்கம்தான், வேறென்ன.

கீழக்கரையிலிருந்து வந்து சேர்ந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். பாவாடைச் சட்டை உடுப்பு இருந்தவரை அந்த வீடுகளிலிருந்து ஒருத்தி வருவதே அபூர்வம். சல்வார் கமீஸ் போடலாம் என்றதும் எட்டுப் பேர் வந்தார்கள். அப்போது ஒரு புதுக் குழப்பம். அவர்கள் தலையை மூடிப் போடுகிற மக்கனாவுக்கு மேல் ஸ்கார்ஃபா, கீழே ஸ்கார்ஃபா? இரண்டையும் நாங்கள் ஸ்கார்ஃப் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் யார் எதைப் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. கடைசியில் ஒருத்தி எழுந்து, மேலே போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

உறுதிமொழியில் கடவுள் வேண்டுமா என்றும் அங்கே கேட்கிறார்கள் என்றாய். இங்கே கடவுள் என்று சொல்ல விரும்பாதவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முன்பே இருக்கிறது. உங்கள் பக்கமும் 2014 முதல், சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தனி வாசகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை எதைச் சொல்லச் சொல்கிறாரோ சொல்லட்டும், நான் தலையிடவில்லை. என் குழுவில் தர்கா, கோயில், மாதா கோயில் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் கைதூக்கிக் கடவுள் என்றபோது, யார் யாரை நினைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. பிரார்த்தனைப் பாட்டுதான் எனக்கு உறுத்தியது. அது இந்தி. முப்பது பிள்ளைகளும் ராகம் பிசகாமல் பாடுவார்கள், ஒருத்திக்கும் அர்த்தம் தெரியாது. ஒருநாள் ஒருத்தி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. கேட்டு வந்து தமிழில் பலகையில் எழுதிப் போட்டேன். அதற்கப்புறம் கொஞ்சம் மெதுவாகப் பாடினார்கள்.

ஆக, நான் யார் பக்கம்? அந்தத் தாய்மார்கள் பக்கம்தான். டீ ஷர்ட் மேல் ஸ்கார்ஃப் போதும். ஆனால் அந்த ஸ்கார்ஃபில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இஸ்திரி போட்டு, ஓரத்தைச் சீராகச் சுருட்டி, முதுகில் முக்கோணம் நேராக விழ வேண்டும். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சின்னப்பாலம் கடற்கரையில் உன் தோழிக்குச் சிப்பி கிழித்து உள்ளங்கால் பிளந்தபோது, உன் ஸ்கார்ஃபைத்தானே கழற்றிக் கட்டினோம். அது அழுக்குத் துணியாக இருந்திருந்தால்? அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. அதோடுதான் நீ அணிவகுப்புக்கும் வந்தாய். அந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தாயா?

இன்னொன்று. பேட்ஜைப் பசை போட்டு ஒட்டுகிறாயாமே. தம்பியே சொல்லிவிட்டான். ஊசி நூல் அந்த ஊரில் கிடைக்காதா? அவனுக்கே தைக்கச் சொல்லிக்கொடு. கோணலாகத் தைத்தால் தைக்கட்டும்.

ஸ்கார்ஃபைக் கழுத்தில் பிடித்து நிறுத்துகிற வளையம், வாகிள், வேண்டும் என்றானே தம்பி, நம் பனைக் குருத்தோலையில் மூன்று பின்னி வைத்திருக்கிறேன். உங்கள் காலத்தில் நீங்கள் எல்லோரும் ஓலை வாகிள் போட்டுப் பேரணிக்குப் போய், அது முறையானது இல்லை என்று ஒரு நடுவர் மதிப்பெண் குறைத்தாரே, அதே பின்னல். சாயம் போடவில்லை, காய்ந்தால் தேன் நிறத்துக்கு வரும். ஓலையை விமானத்தில் விடுவார்களா, அங்கே இறங்கியதும் பிடுங்கிக்கொள்வார்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். விடுவார்கள் என்றால் கருவாட்டோடு சேர்த்துக் கட்ட மாட்டேன், தனிப் பொட்டலமாகவே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா